120 சதுர அடி வெள்ளை: கனகராயன்குளத்து வீடொன்றின் சீலிங் கணக்கு

ஐந்தரை இலட்சம் ரூபா, 550 சதுர அடி. சதுர அடிக்கு 1,000 ரூபா. போருக்குப் பிறகு வன்னியில் எழுந்த இந்திய வீட்டுத்திட்ட வீடுகளின் அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான். 2012 ஜனவரி 17 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி மொத்தம் 50,000 வீடுகள். அதில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும், 4,000 மலையகத்துக்கும். காசு கட்டம் கட்டமாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு வந்தது. மேசனைப் பிடித்ததும் கல் அரிந்ததும் மண் ஏற்றியதும் குடும்பந்தான்.

ஏ9 வீதியில் புளியங்குளத்தைத் தாண்டி மாங்குளம் வருமுன் இருக்கிற கனகராயன்குளத்திலும் அந்தக் கணக்கில் எழுந்த வீடுகள் உண்டு. சதுர அடிக்கு 1,000 ரூபா அத்திவாரத்தையும் சுவரையும் கூரையையும் கண்டால் பெரிய காரியம். சீலிங்கும் பெயின்ற்றும் பெரும்பாலும் பிறகுதான் வந்தன. நெல் விற்ற காசில் ஓர் அறை, சீட்டு எடுத்த காசில் இன்னோர் அறை, பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் முன் விறாந்தை என்று வீடு துண்டு துண்டாக முடிகிறது. சுவர்களுக்கு நிறம் தெரிவுசெய்வதில் எல்லாருக்கும் ஆசை. கிளிப்பச்சை, வான்நீலம், மாம்பழ மஞ்சள், ரோசா. சீலிங் மட்டும் "வெள்ளை தானே, கடைசியில் பார்க்கலாம்" என்று ஒதுங்கிப்போகும். அந்தக் "கடைசியில்" எவ்வளவு காசைத் தின்கிறது என்பதைத்தான் இங்கே கணக்குப் பார்க்கப்போகிறேன்.

ஓர் அறையை அளப்போம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, சுவர் உயரம் 9 அடி. ஒரு கதவும் இரண்டு ஜன்னல்களும்.

சீலிங்: 12 × 10 = 120 சதுர அடி. மேசன்மாரின் பேச்சில் 1.2 சதுரம்.
சுற்றளவு: 44 அடி.
சுவர்: 44 × 9 = 396 சதுர அடி. கதவு 21, ஜன்னல் இரண்டும் 32, ஆக 53 கழிய 343 சதுர அடி.
பெயின்ற் படும் மொத்தப் பரப்பு: 463 சதுர அடி. அதில் சீலிங்கின் பங்கு 26 சதவீதம்.

நாலில் ஒரு பங்கு. ஆனால் அறைக்குள் வரும் வெளிச்சத்தில் அதன் பங்கு அதைவிடப் பெரியது. நல்ல வெள்ளை தன்மீது பட்ட ஒளியில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் திருப்பி விடும். கடுமையான நீலமோ பச்சையோ 30 சதவீதத்தைத் திருப்பினாலே பெரிது. வெறும் சீமெந்து நிலமும் அந்த அளவுதான் என்று எடுத்துக்கொள்வோம். சீலிங், சுவர், நிலம் மூன்றையும் பரப்பின்படி நிறுத்துப் பார்த்தால், சீலிங் வெள்ளையாக இருக்கும் அறையின் சராசரித் தெறிப்பு 40 சதவீதம். சீலிங்குக்கும் அதே சுவர் நிறத்தை அடித்தால் 30 சதவீதம். பத்துப் புள்ளி வித்தியாசந்தானே என்று தோன்றும். ஒளி ஒருமுறை தெறித்து நிற்பதில்லை, பட்டுப் பட்டுத் திரும்புகிறது. அப்படிச் சுற்றிவரும் ஒளியை எளிய சூத்திரத்தில் (தெறிப்பு ÷ (1 − தெறிப்பு)) போட்டால் முதல் அறையில் 0.67, இரண்டாவதில் 0.43. ஒன்றரை மடங்குக்கும் மேல். அதே மின்குமிழ், அதே ஜன்னல். வேலையிடங்களுக்கான ஐரோப்பிய வெளிச்சத் தரம் சீலிங்குக்கு 70 முதல் 90 சதவீதத் தெறிப்பையும் சுவருக்கு 50 முதல் 80 சதவீதத்தையும் கேட்பதற்குக் காரணம் இதுதான். சுவருக்கு விருப்பமான நிறத்தைக் கடுமையாக அடிக்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் வெள்ளைச் சீலிங் அதிகம் தேவை.

வன்னிக்கு இது சின்ன விஷயமல்ல. போர்க்காலம் முழுக்கத் தேசிய மின்சாரம் இல்லாமல் குப்பி விளக்கில் படித்த தலைமுறை இங்கே இருக்கிறது. சீமெந்தும் பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்த மண் இது. 1997 மே 13 அன்று தொடங்கிய இலங்கை இராணுவத்தின் ஜெயசிக்குறு படை நடவடிக்கை ஏ9 வீதியை ஒட்டித்தான் நகர்ந்தது. ஓடும் மரமும் இல்லாத வெறுஞ்சுவர்களுக்குத்தான் பலர் திரும்பி வந்தார்கள். தலைக்கு மேலே ஒரு வெள்ளைத் தளம் இருப்பதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அது வெளிச்சம்.

இனிப் பெயின்ற். ஒப்பமான, முன்பூச்சு அடித்த தளத்தில் ஒரு லீற்றர் இமல்ஷன் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 10 சதுர மீற்றர் பிடிக்கும். அது ஏறத்தாழ 108 சதுர அடி. கணக்குக்கு 100 என்று வைப்பது பாதுகாப்பு. றோலர் குடிப்பது, வாளியில் ஒட்டுவது, நிலத்தில் சிந்துவது என்று 10 சதவீதம் கூட்டவேண்டும். சீலிங்குக்கு இரண்டு கோட் என்றால் 240 சதுர அடி, 2.4 லீற்றர், கழிவோடு 2.64. சுவருக்கு இரண்டு கோட் 686 சதுர அடி, கழிவோடு 7.55 லீற்றர்.

ரூபாவில் சொல்லத் தயக்கம் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360 ரூபா. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். பெயின்ற்றை வெள்ளையாக்கும் ரைற்றேனியம் டைஒக்சைட் இறக்குமதிச் சரக்கு. டொலர் ஏற அதுவும் ஏறும். ஆகவே கணக்குப் பழகுவதற்காக மட்டும் வெள்ளை லீற்றர் 1,000 ரூபா, கலந்தெடுக்கும் சுவர் நிறம் லீற்றர் 1,500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இது கடை விலை அல்ல. உங்கள் கடைக்காரர் சொல்லும் விலையை இந்த இடத்தில் போட்டால் முடிவு உங்களுடையதாகிவிடும்.

அறையின் சீலிங்: 2.64 × 1,000 = 2,640 ரூபா.
அறையின் சுவர்: 7.55 × 1,500 = 11,325 ரூபா.

இப்போது முறை தவறினால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். சுவர் நிறத்தை முதலில் முடித்துவிட்டுச் சீலிங்குக்கு றோலரைத் தூக்கினால் வெள்ளைப் பொட்டுகள் நாலு சுவரிலும் தெறிக்கும். ஈரத்துணியால் உடனே துடைத்தவை போக, காய்ந்தவை நிற்கும். பொட்டின்மேல் மட்டும் நிறத்தைத் தொட்டு வைத்தால் சாய்ந்த வெளிச்சத்தில் அந்த இடம் வேறாகத் தெரியும். கடும் நிறங்களில் இன்னும் மோசம். ஆகவே மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவருக்கும் ஒரு கோட் திரும்ப அடிக்கவேண்டி வரும். நாலு சுவருக்கும் 343 சதுர அடி, கழிவோடு 3.77 லீற்றர், 5,655 ரூபா.

சீலிங் முழுவதற்கும் போன பெயின்ற்றின் விலை 2,640. அதைக் கடைசிக்குத் தள்ளியதற்கான தண்டம் 5,655. இரண்டு மடங்குக்கும் மேல், அதோடு ஒரு நாட்கூலி. கலந்தெடுத்த நிறம் இரண்டாந்தரம் வாங்கும்போது முதல் ரின்னோடு மயிரிழை மாறினாலும் சுவரில் தெரியும். முதலில் சீலிங், பிறகு சுவர், கடைசியில் கதவு ஜன்னல். இந்த வரிசையை வேலைக்கு ஆள் பேசும்போதே சொல்லிவிடவேண்டும். வேலை தொடங்கிய பிறகு சொன்னால் எடுபடாது.

உழைப்பின் கணக்கும் பார்க்கத்தக்கது. 9 அங்குல றோலர் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உருளும்போது புதிதாக மூடுவது 6 அங்குலம். 12 அடியை அப்படிப் பிரித்தால் 24 பட்டைகள், ஒவ்வொன்றும் 10 அடி, ஆக 240 அடி. இரண்டு கோட்டுக்கு 480 அடி, அவ்வளவும் தலைக்குமேல். குறுக்காக ஒருதடவை இழுத்தால் அது இரட்டிக்கும். ஏணியில் நின்று ஒருவருக்கு வசதியாக எட்டுவது 20 சதுர அடி என்றால் ஒரு கோட்டுக்கு 6 தடவை ஏணியை நகர்த்தவேண்டும், இரண்டு கோட்டுக்கு 12. றோலர் பிடியில் நீளக் கம்பு பூட்டி நிலத்தில் நின்றபடி அடித்தால் அந்த 12ம் இல்லை. கழுத்துவலி குறையும், விழுகிற ஆபத்தும் போகும். கம்பின் விலை ஒருநாள் கூலியில் சிறு பங்குதான். அதை வாங்கிக் கொடுக்கவேண்டியது வீட்டுக்காரரின் கடமை என்பது என் எண்ணம்.

விளிம்பைப் பிரஷ்ஷால்தான் இழுக்கவேண்டும். சுற்றிவர 44 அடி நீளத்துக்கு இரண்டரை அங்குலப் பட்டை என்றால் 9.2 சதுர அடி. சீலிங்கின் பரப்பில் 8 சதவீதங்கூட இல்லை. ஆனால் வேலையின் தரம் முழுவதும் அந்தப் பட்டையில் தெரியும். வெள்ளையும் பச்சையும் சந்திக்கிற கோடு நெளிந்தால், ஆயிரம் ரூபாப் பெயின்ற்றும் பத்தாயிரம் ரூபாப் பெயின்ற்றும் ஒன்றுதான்.

நம் வீடுகளில் அந்த மூலை பெரும்பாலும் நேராக இருப்பதில்லை. ஐந்தரை இலட்சத்தில், மழைக்கு முன் கூரை போடவேண்டும் என்ற அவசரத்தில் எழுந்த சுவரிடம் மட்டப்பலகை நேர்த்தியை எதிர்பார்ப்பது நியாயமல்ல. இதற்கு மலிவான வைத்தியம் ஒன்று உண்டு. மூலையைப் பின்பற்றிக் கோடு இழுக்காமல், சீலிங்கின் வெள்ளையைச் சுவரில் ஓர் அங்குலம் கீழே இறக்குங்கள். நூல் கட்டிச் சுண்ணக்கோடு அடித்து, அந்த நேர்கோட்டில் ரேப் ஒட்டி, அதற்குக் கீழே நிறத்தை அடியுங்கள். கண் மூலையைப் பார்க்காது, கோட்டைத்தான் பார்க்கும். செலவு? 44 அடி நீளம், ஓர் அங்குல அகலம், 3.7 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு 75 மில்லிலீற்றருக்குள் வெள்ளை. நமது விலையில் 75 ரூபா. ஓர் அறையின் கோணலை மறைக்க இதைவிட மலிவான வேலை எனக்குத் தெரியாது.

ரேப் 44 அடிக்கு 13.4 மீற்றர் வேண்டும்; 20 மீற்றர் சுருளொன்று ஓர் அறைக்குத் தாராளம். ரேப்பை ஒட்டியதும் நேரே நிறத்தை அடித்தால் விளிம்புக்குள்ளே நிறம் ஊறும். முதலில் ரேப்பின் கீழ் விளிம்பிலே அதே சீலிங் வெள்ளையை மெல்லியதாக இழுத்துக் காயவிடுங்கள். ஊறுவதானால் வெள்ளைதான் வெள்ளைக்குள் ஊறும், வழி அடைபட்டுவிடும். அதன்மேல் நிறத்தை அடித்து, பெயின்ற் முழுதாய் இறுகமுன் ரேப்பை மெல்லச் சரித்து இழுத்துவிடவேண்டும். இதற்குப் போகும் வெள்ளை 40 மில்லிலீற்றர். நம் வெயிலில் ரேப்பை இரண்டு மூன்று நாள் விட்டுவைத்தால் பசை பிடித்து, உரிக்கும்போது பெயின்ற்றையும் கூட்டிக்கொண்டு வரும்.

தண்ணீர் கலப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். சுண்ணாம்பு அடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும்: ஈரமாக இருக்கும்போது சுவர் தெரியும், காய்ந்த பிறகுதான் வெள்ளை ஏறும். சுண்ணாம்பின் ஒளிவிலகல் எண் 1.6ஐ ஒட்டியது, தண்ணீரினது 1.33, இடைவெளி குறைவாக இருப்பதால் ஈரத்தில் மறைப்பு இல்லை. ரைற்றேனியம் டைஒக்சைட்டினது 2.7. அதனால்தான் ஈரத்திலேயே அது மூடுகிறது. ஆனால் மூடுவது அந்தத் தூள், தண்ணீர் அல்ல. 4 லீற்றருக்குள் 2 லீற்றர் தண்ணீர் விட்டு 6 லீற்றர் ஆக்கினால் தூள் பழைய 4 லீற்றருக்கு உரியதுதான். இரண்டு கோட்டில் முடியவேண்டியது மூன்றாவதைக் கேட்கும். இன்னும் 240 அடி தலைக்குமேல் உருட்டல். முதல் கோட்டுக்கு ரின்னில் எழுதியிருக்கும் அளவுக்குமேல் விடவேண்டாம்.

ரின் தெரிவிலும் ஒரு வார்த்தை. சீலிங்குக்கு மினுக்கம் இல்லாத மற் வெள்ளை. மினுக்கம் உள்ள பெயின்ற் சீலிங் தகட்டின் தொய்வையும் மூட்டையும் ஆணித்தலையையும் எடுத்துக் காட்டும்.

தகடு என்றதும் அடுத்த கணக்கு வருகிறது. 8க்கு 4 அடித் தகட்டால் இந்த அறையை மூடினால் 3 முழுத் தகடும், நாலாவதிலிருந்து வெட்டிய 3 துண்டுகளும் போதும். 128 சதுர அடியில் 8 சதுர அடிதான் மிச்சம். மூட்டுகளும் சுற்றுவிளிம்பும் சேர்த்து, அவற்றை மறைக்கும் பீடிங் பட்டை 76 அடி. பீடிங்கின் பக்கங்களும் பெயின்ற் குடிக்கும், ஆகவே தகட்டுச் சீலிங்குக்கு இன்னும் 5 சதவீதம் சேர்த்து வாங்குவது நல்லது. கொங்கிறீட் தளமாக இருந்தால் பூச்சு முடிந்து குறைந்தது 28 நாள் பொறுக்கவேண்டும். பச்சைப் பூச்சின் காரம் பெயின்ற்றைத் தின்னும். பீ.வீ.சி பட்டி அடித்தவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், அது வெள்ளையாகவே வருகிறது.

பழைய தகடு அஸ்பெஸ்டஸாக இருந்தால் எல்லாக் கணக்கையும் நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள். எமரித்தாள் போடக்கூடாது. காய்ந்தபடி சுரண்டக்கூடாது. துளையிடக்கூடாது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வெள்ளை அஸ்பெஸ்டஸுக்கு விலக்கு இல்லை. நார் மூச்சோடு போனால் நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும், பெயின்ற் அடித்தவரை யாரும் பிறகு தேடிப்பார்ப்பதில்லை. உடையாத, முழுசான தகட்டை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து, காரம் தாங்கும் முன்பூச்சை அடித்து, மேலே இமல்ஷன் அடித்தால் அந்தப் பூச்சே நாரை அடக்கிவைக்கும். உடைந்த தகட்டைப் பெயின்ற்றால் காப்பாற்ற முடியாது. புதிதாக வாங்குகிறவர்கள் அஸ்பெஸ்டஸ் கலக்காத தகடா என்று கேட்டு வாங்குங்கள்.

ஓட்டுக் கூரையின் கீழுள்ள சீலிங்குக்கு இன்னொரு பகை குரங்கு. வன்னியில் ஓட்டைப் பிரட்டிப்போட்டு அது போய்விடும், மழைத்தண்ணீர் சீலிங்கில் பழுப்பு வட்டமாய் இறங்கும். அந்தக் கறையின்மேல் இமல்ஷனை மூன்று கோட் அடித்தாலும் மறுபடி மேலே வரும், தண்ணீர்ப் பெயின்ற் கறையைக் கரைத்துத் தன்னோடு இழுப்பதால். ஓட்டைச் சரிசெய்து, காயவிட்டு, கறை உள்ள இடத்துக்கு மட்டும் எண்ணெய் வகை அண்டர்கோட் ஒருதடவை அடித்தால் போதும். இரண்டு சதுர அடிக் கறைக்கு 120 சதுர அடியையும் மூன்றாந்தரம் அடிக்கிறவர்களைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை.

எப்போது அடிப்பது? தைப்பொங்கலுக்கு முன் வீட்டைப் புதுசாக்க எல்லாருக்கும் விருப்பம். ஆனால் ஐப்பசியிலிருந்து மார்கழிவரை வடகீழ்ப் பருவமழை. ஓடும் மரமும் தகடும் ஈரம் குடித்துக் கிடக்கும் காலம். சோளகக் காற்று வீசும் மாதங்களிலோ எதிர்ச் சிக்கல்: உருட்டிய பட்டையின் விளிம்பு அடுத்த பட்டை வருமுன் காய்ந்து, கோடு கோடாகப் படியும், செம்மண் தூசியும் ஒட்டும். அந்நாளில் அடிக்கத்தான் வேண்டுமென்றால் காற்றுவரும் பக்க ஜன்னலைச் சாத்தி, ஃபானை நிறுத்தி, காலையிலேயே முழுச் சீலிங்கையும் ஒரே மூச்சில் முடிக்கவேண்டும். வெள்ளைமேல் வெள்ளை அடிக்கும்போது விட்ட இடம் தெரியாது என்பதாலும் காலைதான் நல்லது, ஜன்னலால் வரும் சாய்ந்த ஒளியில் ஈரம் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். என் தெரிவு மாசி, பங்குனி. காலபோக அறுவடை முடிந்து காசு கையில் இருக்கும், சீலிங்கும் காய்ந்திருக்கும். பொங்கலுக்கு முற்றத்தையும் வாசலையும் அழகுபடுத்துங்கள், சீலிங் இன்னும் ஒரு மாதம் பொறுக்கும்.

கடைசிக் கணக்கு, காசு மிச்சம் பிடிக்கும் கணக்கு. இரண்டு அறைகள் 120 வீதம், மண்டபம் 10க்கு 15 அடி, 150. மூன்று சீலிங்கும் சேர்த்து 390 சதுர அடி. இரண்டு கோட்டுக்குக் கழிவோடு 8.58 லீற்றர். அறைக்கு அறை தனித்தனியாக வாங்கினால் 4 லீற்றர் ரின் மூன்று, 12 லீற்றர், 3.42 லீற்றர் ரின்களின் அடியில் தோல்பிடித்துப் போகும். மூன்று அறைச் சுவர்களும் மூன்று நிறமாக இருக்கலாம், சீலிங்கின் வெள்ளை ஒன்றுதான். எனவே 10 லீற்றர் வாளி ஒன்று. 4, 4, 1 என்று 9 லீற்றர் வாங்கினாலும் கணக்கு எட்டும், ஆனால் 0.42 லீற்றர்தான் கைக்காவல். ஒருபக்கத் தகடு கொஞ்சம் கூடக் குடித்தால் வேலையாளை இருத்திவிட்டு வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ பஸ் ஏறவேண்டி வரும். வாளியில் 1.42 லீற்றர் மிஞ்சும். இறுக்கி மூடி நிழலில் வைத்தால் அடுத்த மழைக் கறைக்கு அதே வெள்ளை கையிருப்பில் இருக்கும். ரேப் மூன்று இடத்துக்கும் 138 அடி, 42 மீற்றர். 20 மீற்றர்ச் சுருள் மூன்று.

கடைக்குப் போகுமுன் நீளம், அகலம், உயரம், கதவு, ஜன்னல் ஆகியவற்றை அளந்து கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். முதலில் வெள்ளையை மட்டும் வாங்கி மூன்று சீலிங்கையும் முடியுங்கள். சுவரின் நிறத்தைக் கடையின் அட்டையைப் பார்த்துத் தீர்மானிக்காமல், சின்ன மாதிரி ரின் எடுத்துவந்து, அந்த வெள்ளைச் சீலிங்கின் கீழே சுவரில் ஓரடி அடித்துப் பார்த்துப் பிறகு தீர்மானியுங்கள்.